பெட்டியும் பட்டியலும்

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மவர் இல்லங்களில், கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருப்பதை யாவரும் அறிவர். பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம், மணக்கோலப் படம், ஊரிலிருந்து வந்த பழங்கடிதங்கள் ஆகியன அதனுள் உறங்கும். 2022ஆம் ஆண்டு பெங்களூரில் பெய்த பெருமழையில், லிங்கராஜபுரத்தில் உள்ள எம் இல்லத்துள் நீர் புகுந்தது. உயிருக்கு ஊறில்லை, ஆயினும் பெட்டி நனைந்துவிட்டது. பதற்றத்தில், ஒட்டிக்கொண்டிருந்த படங்களைப் பிய்த்தெடுத்து வெயிலில் உலர்த்தினோம். தாயாரின் மணப்படத்தில் முகம் இருந்த இடம் வெறும் வெள்ளையாயிற்று. அதற்கு வேறு பிரதி இல்லை.

ஒரு பெட்டிக்கே இக்கதி என்றால், நாட்டின் செல்வங்களைக் காக்கும் பொருட்காட்சிச் சாலைகளின் நிலை யாது என ஆராய்ந்தோம். 1978இல் திறக்கப்பெற்ற புதுதில்லி தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 2016 ஏப்ரல் 26ஆம் நாள் தீக்கிரையாயிற்று. 2018 செப்டம்பர் 2ஆம் நாள் இரவு, பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில் 200 ஆண்டுப் பழமையுடைய தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. தீயணைப்போர் வந்தனர், அருகிலிருந்த குழாய்களிலோ போதிய நீர் இல்லை. சுமார் 2 கோடிப் பொருள்களில் பெரும்பகுதி அழிந்தது.

தமிழர் நெஞ்சை விட்டகலாத இழப்பு ஒன்றும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் கொளுத்தப்பட்டபோது, சுமார் 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வன்முறையாளர் இட்ட தீயை முன்னேற்பாட்டால் தடுத்திருக்கலாம் என்று கூறோம். ஆனால் வேறிடத்தில் பிரதி இருந்த நூலை மீண்டும் பெறலாம். பிரதியில்லாச் சுவடி போனது போனதே.

பிரதியின் பெருமைக்கு நம் நகரமே சான்று. பி. எல். ரைஸ் என்னும் அறிஞர் 1905இல் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார். தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் அவற்றுள் அடங்கும். நகரம் பெருகியபோது அத்தொகுப்பிலுள்ள கற்கள் பல மறைந்தன; வாசகங்களோ ஏட்டில் நிலைத்துள்ளன.

ஆகவே அருங்காட்சியக வல்லுநர் கூறும் முறை இதுவே. மின்கம்பி, கூரை, நீர்க்குழாய் ஆகியவற்றைக் காலந்தோறும் சோதித்தல். அரும்பொருளை நிலவறையில் வையாமை. ஆபத்தில் முதலில் எதை வெளியேற்றுவது என வரிசைப் பட்டியல் எழுதி, அதன் படியைக் கட்டடத்துக்கு வெளியேயும் வைத்தல். ஊழியருக்கு ஒத்திகை நடத்துதல். 1966 நவம்பர் 4ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருகியபோது, தேசிய நூலகத்தின் கீழ்த்தளங்களில் இருந்த நூல்களே சேற்றில் மூழ்கின.

ரயில்வேயில் பணியாற்றும் எமக்கு இது புதிதன்று. விபத்து நிவாரண ரயில் கருவிகளோடு எந்நேரமும் ஆயத்தமாக நிற்கும், ஒத்திகையும் நடக்கும். விபத்து நேர்ந்த பின்னர்க் கருவி தேடுவார் இல்லை.

இல்லத்தார் செய்யத்தக்கது எளிது. பெட்டியைத் தரையினின்று அரையடியேனும் உயர்த்தி வையுங்கள். பத்திரங்களையும் படங்களையும் கைபேசியில் படமெடுத்து, ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்புங்கள். முதலில் எடுக்க வேண்டியவற்றைத் தனிப் பையில் இட்டு, அஃது இருக்குமிடத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். ஆனால் தீப்பற்றினால் பையை நாடாது உயிரோடு வெளியேறுவதே முதற்கடமை.

நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். விரைந்து உலர்த்தல் வேண்டும். ஆனால் வெயில் ஆகாது. நிழலும் மின்விசிறியுமே உகந்தவை. ஒட்டிய படங்களை உரிக்காதீர்கள். தூய குளிர்ந்த நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, மெல்லப் பிரித்து, படமுள்ள பக்கம் மேலாக உலர்த்துங்கள். இதனை யாம் முன்பே அறிந்திருப்பின் தாயாரின் முகம் மிஞ்சியிருக்கக் கூடும்.

மழை நமக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை. வரும் ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பெட்டியைத் திறவுங்கள், அன்பர்களே.