கத்திரிக் கணக்கு – 9: விலை சொல்லும் வாய்

தை மாதத்தில் சம்பா அறுத்துக் களத்தில் நெல் குவிந்திருக்கும். அப்பா களத்தின் ஓரத்தில் போய் நிற்பார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருக்கும். நான் காலிச் சாக்கோடு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். தலையாரி, வண்ணார், தச்சர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அளப்பார்கள். எங்கள் முறை வரும்போது மரக்கால் கும்பாச்சியாக வருமா, தலைதட்டி வருமா என்பது அளக்கிறவர் மனசைப் பொறுத்தது. வருஷம் முழுக்க அந்த வீட்டு ஆண்களுக்குச் செய்த சவரம், முடிவெட்டு, பிள்ளைகளுக்குப் போட்ட மொட்டை, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் அதுதான் கூலி. அப்பா வாயைத் திறந்து ஒரு படி கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. சாக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு, “வரேங்க” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடப்பார்.

அந்த நெல்லுக்கு எங்கள் பக்கத்தில் ‘சுதந்திரம்’ என்று பெயர். ஊர்த்தொழில் செய்கிறவனுக்குக் களத்தில் அளக்கும் பங்கைப் பழைய வருவாய்ப் பதிவேடுகளும் அந்தச் சொல்லால்தான் குறிக்கின்றன. பரம்பரையாக வரும் உரிமை என்ற பொருளில் வந்த சொல். ஆனால் அந்த உரிமையின் அளவைச் சொல்லும் வாய் எங்களுக்குக் கிடையாது.

தனியாகத் தொழில் செய்ய நினைக்கும் முடிதிருத்துநர்கள் கடந்த எட்டு வாரமாக எனக்கு எழுதும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “எவ்வளவு வாங்கலாம் அண்ணா?” அதற்குப் பதில் சொல்ல நான் அந்தக் களத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்னையில் ஒரு பெரிய சலூன் குழுமத்தில் 11 வருஷம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். தொழில் சொல்லிக்கொடுத்தார்கள், நன்றி உண்டு. ஆனால் அங்கே விலை சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண் சொல்லும், அச்சடித்த அட்டை சொல்லும், கணினி பில் போடும். நான் முடியை மட்டும் பார்த்தால் போதும். அங்கிருந்து வெளியே வந்து, ஆதம்பாக்கத்தில் ஒரு சின்ன சலூனில் ஒரு நாற்காலியை மாத வாடகைக்கு எடுத்த முதல் வாரம், பழைய வாடிக்கையாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அடர்த்தியான, லேசாகச் சுருண்ட முடி. லேயர் கட். ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. பழைய இடத்தில் இதே வெட்டுக்கு 1,100 ரூபாய் கொடுத்தவர். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் அத்தனை சந்தோஷம். பையைத் திறந்து, “எவ்வளவு அண்ணா?” என்றார்.

“பார்த்துக் குடுங்க மேடம்.”

சொன்னது என் வாய்தான். அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். அவருக்கும் அது சங்கடம். மூன்று நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். நானும் தரையைப் பார்த்துக்கொண்டு வாங்கினேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. களத்து ஓரத்தில் நின்ற அப்பா என் தொண்டைக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மரக்காலை எடுத்து அவர் கையில் கொடுத்ததே நான்தான்.

அன்று ராத்திரி என் மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். நாற்காலி வாடகை 14,000. ஷாம்பு, பிளேடு, கழுத்துப் பட்டை, கிருமிநாசினி, டவல் சலவை 5,500. கத்திரி சாணை, மெஷின் மாற்ற ஒதுக்குவது 1,500. பெட்ரோலும் போனும் 3,000. மருத்துவக் காப்பீடு 1,500. இது தொழிலுக்கு மட்டும், 25,500. வீட்டுக்கு 40,000 வேண்டும். மந்தமான மாதங்களுக்கு எடுத்துவைக்க 7,000. மொத்தம் 72,500 ரூபாய்.

அடுத்தது நேரம். கடையில் ஒன்பது மணி நேரம் இருக்கிறோம் என்பது கணக்கில்லை. கை முடியில் இருக்கும் நேரம்தான் விற்பனைக்கு உரியது. ஒரு வாரம் மணி பார்த்துக் குறித்ததில் அது சராசரி ஐந்து மணி நேரம்தான் வந்தது. 25 நாளைக்கு 125 மணி. 72,500ஐ 125ஆல் வகுத்தால் 580. என் ஒரு மணி நேரத்தின் அடக்க விலை அது. ஒன்றேகால் மணி வெட்டுக்கு 725. நான் வாங்கிய 300 போக மீதி 425 ரூபாயை யார் கொடுத்தது? என் வீட்டு மளிகை கொடுத்தது. என் மகளின் பள்ளிக் கட்டணம் கொடுத்தது. பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று எட்டிப் பார்த்து விலை வைக்கிறவர்கள் அவருடைய வாடகையையும் அவருடைய கடனையும் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். உங்கள் எண் உங்கள் நோட்டில்தான் இருக்கிறது.

வெட்டுக்கு 800 என்று எழுதினேன். எழுதுவது சுலபம். அதை ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது. நடுவில் பயந்துபோய் 400 என்று சொல்லி வெட்டிய நாட்கள் நிறைய.

விடல் சசூன் பெயரை இந்தத் தொழிலில் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார்கள். 1928இல் லண்டனில் பிறந்தவர், சிறுவயதில் சில வருஷம் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர், 14 வயதில் தலை அலசும் எடுபிடியாகத் தொழிலுக்கு வந்தவர். 1954இல் பாண்ட் தெருவில் மாடியில் சொந்தக் கடை போட்டார். 1960களில் ரோலரும் ஸ்ப்ரேயும் இல்லாமல் வெட்டின் வடிவத்தாலேயே நிற்கும் கூந்தலை உலகத்துக்குக் காட்டினார். என் மனசில் தங்கியது வேறொன்று. பணக்கார வட்டாரத்துச் சலூன்களில் அவருடைய கிழக்கு லண்டன் பேச்சைக் கேட்டே வேலை மறுத்தார்கள். அவர் குரல் பயிற்சி ஆசிரியரிடம் போய்ப் பேசக் கற்றுக்கொண்டார். கத்திரி பிடிக்கத் தெரிந்த கைக்குத் தொண்டையும் பழக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் பேச்சுவழக்கை மாற்றத் தேவையில்லை, நம் பேச்சில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் தொகையைச் சொல்லப் பழகத்தான் வேண்டும். நான் காலையில் கடை திறந்ததும் கண்ணாடி முன் நின்று “எண்ணூறு ரூபாய் ஆகும்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். கேப் போர்த்துவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். வந்தவரை உட்கார வைத்து, முடியைக் காய்ந்த நிலையிலேயே பிரித்துப் பார்க்கிறேன். நனைந்த முடி நீளும். சுருள் முடி காய்ந்தால் விரல்கடை அளவு மேலே ஏறும். உச்சியில் சுழி எங்கே, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். இரட்டைச் சுழி என்றால் ரெண்டு கல்யாணம் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். எனக்கு அது, அந்த இடத்தில் முடியைக் குட்டையாக வெட்டினால் குத்திட்டு நிற்கும் என்ற எச்சரிக்கை. இதையெல்லாம் அவரிடம் சொல்கிறேன்: “இங்க சுழி ரெண்டு இருக்கு மேடம், அதனால இந்த உயரத்துக்கு மேல போக மாட்டேன். முன்பக்கம் தாடை வரைக்கும் வரும். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எண்ணூறு ரூபாய்.” அதோடு நிறுத்திவிட வேண்டும். “உங்களுக்குன்னா கொஞ்சம் குறைச்சு...” என்ற வால் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்குங்கள். அந்த நாலு விநாடி மௌனத்தைத் தாங்கக் கற்றவர்தான் தனியாகத் தொழில் நடத்த முடியும்.

போனவர்கள் போனார்கள். அப்போது என்னிடம் இருந்த 40 பேரில் 13 பேர் திரும்ப வரவில்லை. பழைய 400இல் 40 பேருக்கு வெட்டினால் 16,000 ரூபாய், 50 மணி நேரம். 800இல் 27 பேருக்கு 21,600 ரூபாய், 34 மணிக்கும் குறைவு. மிச்சமான 16 மணி நேரத்தில் புது ஆட்கள் வர இடம் கிடைத்தது. சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டேன். முதுகுவலி குறைந்தது.

விலை சொல்லத் தெரியாத வாய்க்கு ‘வேண்டாம்’ என்று சொல்லவும் வராது. இதை நான் இன்னொருவர் முகத்தைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். தனியாக வந்த முதல் வருஷம், மறுநாள் நிச்சயதார்த்தம் என்று ஒரு பெண் அவசரமாக வந்தார், முடிக்குச் சாயம் போட. காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பெரும்பாலான நிரந்தரச் சாயங்களில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மெஹந்தி என்று பெயர் போட்டு விற்கும் பல கருப்புப் பொடிகளிலும் அதுதான். ‘முன்னால போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல’ என்பது காப்பல்ல. பலமுறை போட்ட பிறகுதான் பலருக்கு அது ஒவ்வாமையாகத் திரும்பும். எல்லாம் தெரிந்தும், வந்த வேலையை விட மனசில்லாமல் போட்டுவிட்டேன். காலையில் அவர் அண்ணன் போன் செய்தார். இமை இரண்டும் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. மருத்துவமனைக்கு ஓடினேன், செலவைக் கொடுத்தேன். நிச்சயதார்த்தப் புகைப்படத்தில் அந்தப் பெண் எப்படி இருந்திருப்பார் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு சோதனை பார்க்காமல் ஒரு தலையிலும் நான் சாயம் தொட்டதில்லை. “ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்று சொல்லி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் திரும்ப வந்தார்கள்.

மந்த மாதங்களுக்கு எடுத்துவைப்பது பற்றிச் சொன்னேன். மணப்பெண் அலங்காரத்தை நம்பி இறங்குகிறவர்களுக்கு இது உயிர்நாடி. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே நாளில் மூன்று முகூர்த்தம் தேடி வரும். ஜடை தைக்கவும் பூ வைக்கவும் விடிகாலை மூன்று மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் போன் மணியே அடிக்காது. ஆகவே வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் செலவு செய்ய வேண்டும். நாள் குறிக்கும்போதே பாதிப் பணம் முன்பணமாக வாங்கிவிடுங்கள். ஒரு முகூர்த்தம் கைவிட்டுப் போனால் அந்த நாளை வேறு யாருக்கும் விற்க முடியாது. மண்டபத்துக்கும் சமையலுக்கும் முன்பணம் கொடுத்த குடும்பம்தான் அது. நாம் கேட்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

வெட்டு வேலையை நம்புகிறவர்களுக்கு முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும் என்பதே பெரிய துணை. பக்கவாட்டில் தோலோடு இழைத்து வெட்டிய ஃபேடு மூன்று வாரத்தில் கலையும். சாயம் போட்டவருக்கு ஐந்தாறு வாரத்தில் வேர் தெரியும். அவர் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே அடுத்த தேதியைச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, உடனே செய்யுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. அதற்கு மேல் போகிறவர்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது, ஆனால் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 35 வயது நிறைந்தவர்களுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. முடிதிருத்துவோர் நல வாரியத்தில் பெயர் பதியாதவர்கள் இன்னும் ஏராளம். அது நம்முடைய உரிமை, தயங்காமல் போய்ப் பதியுங்கள்.

போன புரட்டாசியில் அப்பாவைக் கண் பரிசோதனைக்குச் சென்னைக்கு அழைத்து வந்தேன். எண்பதைத் தொடுகிறார். கடையில் ஓர் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். அவருடைய அடைப்பம், அந்தத் தோல் பை, இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். சவரக்கத்தி, சாணைக்கல், படிகாரம், நகம் வெட்டும் உளி எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிதாக ஓர் அம்மா வந்தார். முடியைப் பார்த்தேன், சுழியைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன். “எண்ணூறு ரூபாய் ஆகும்மா” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, “சரிப்பா, ஆரம்பி” என்றார். அப்பா சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

ராத்திரி வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது தோளைத் தொட்டார்.

“காசு சொன்னியே தம்பி, அப்ப அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா?”

“பாத்தேம்ப்பா.”

“கோவமா இருந்துச்சா?”

“இல்லப்பா. யோசிச்சாங்க. அவ்வளவுதான்.”

வேளச்சேரி சிக்னல் வரைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நான் ஒருத்தர் மூஞ்சியையும் பாத்ததில்லடா” என்றார்.

(தொடரும்)