அவர்களே எழுதிய அவர்கள் கதை



காலை வணக்கத்திற்கு மணி அடிக்கும்போதெல்லாம் எங்கள் வகுப்பில் ஒருத்தி இரு காதுகளையும் பொத்திக்கொள்வாள். பேசும்போது எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஆனால் ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்திலிருந்து கும்பகோணத்துக்கும் விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் புறப்படும் பேருந்துகளின் நேரத்தை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். நாங்கள் அவளுக்கு 'டைம் கீப்பர்' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். கேலி என்பதே அவளுக்குப் புரியவில்லை என்று எண்ணிக்கொண்டோம். பிறகு ஒருநாள் முதல், சாப்பாட்டு டப்பாவுடன் அவள் தனியே வேப்பமரத்தடிக்குப் போகத் தொடங்கினாள்.

அவளுக்கு இன்னது என்று பெயர் சூட்ட நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆனால் அந்த ஆண்டு நூலகப் பாடவேளைகளில் எங்கள் ஆசிரியை சில தன்வரலாற்று நூல்களின் பகுதிகளை வாசித்துப் பொருள் கூறினார். ஆட்டிசமும் ஆஸ்பெர்கர் நிலையும் உடையவர்கள் தம் வாழ்வைத் தாமே எழுதிய நூல்கள் அவை. அவற்றால் நாங்கள் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

ஆஸ்பெர்கர் என்பது என்ன?

வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் சில சிறுவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் நன்றாகப் பேசினர். ஏதேனும் ஒரு பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தனர். ஆனால் பிறரோடு பழக அறியாது தவித்தனர். ஆட்டிசம் உள்ள மகளை வளர்த்த ஆங்கிலேய மருத்துவர் லோர்னா விங், 1981-இல் இந்நிலைக்கு ஆஸ்பெர்கரின் பெயரைப் பரவச் செய்தார்.

2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனிப் பெயராகக் கொள்ளாமல் ஆட்டிசம் என்னும் விரிந்த வகைக்குள் சேர்த்துவிட்டது. ஹிட்லர் ஆட்சியில் குழந்தைகள் கொல்லப்பட்ட நிலையத்துக்குச் சில குழந்தைகளை அனுப்ப ஆஸ்பெர்கர் துணைபோனார் என்பதை 2018-இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. அதனால் அப்பெயரை விரும்பாதோரும் உண்டு.

ஆட்டிசம் தொற்றுநோய் அன்று. தாயின் வளர்ப்புக் குறையும் அன்று. மூளை வளரும் விதத்தில் தொடக்கத்திலிருந்தே அமைந்த வேறுபாடு அது. நமக்குச் சாதாரணமான ஓசையும் வெளிச்சமும் சிலருக்குத் தாங்க முடியாதவை ஆகலாம். குறிப்பால் உணர்த்தும் பேச்சு பிடிபடாமல் போகலாம்.

நூல்கள் சொல்பவை

அமெரிக்காவில் 1947-இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் மூன்றரை வயது வரை பேசவில்லை. தாயின் விடாமுயற்சியும், அறிவியல் ஆசிரியர் ஒருவரின் ஊக்கமும் அவரை உயர்த்தின. அவரது முதல் தன்வரலாறு 1986-இல் வெளிவந்தது. ஆட்டிசம் உடையவரின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதை உள்ளிருந்தே கூறிய முன்னோடி நூல்களுள் அது ஒன்று. தாம் சொற்களால் அன்றிப் படங்களாலேயே சிந்திப்பதாக 1995-இல் வந்த நூலில் விளக்கினார். கால்நடைகள் எதைக் கண்டு மிரள்கின்றன என்பதை அவற்றின் கண்கொண்டு பார்த்ததால், அவற்றுக்கேற்ற தொழுவங்களை வடிவமைத்துப் பேராசிரியராகவும் விளங்கினார்.

லண்டனில் பிறந்த டேனியல் டாமெட்டுக்கு எண்கள் நிறமும் வடிவமும் கொண்டு தோன்றுகின்றன. 2004-இல் பை எண்ணின் 22,514 இலக்கங்களை அவர் நினைவிலிருந்து ஒப்பித்தார். ஆனால் எல்லோருக்கும் இத்தகைய அரிய திறன் இருக்கும் என்று எண்ணுதல் தவறு. திறன் இருந்தால்தான் மதிப்போம் என்பதும் நியாயம் ஆகாது அன்றோ?

ஜான் எல்டர் ராபிசன் 2007-இல் எழுதிய நூலின் தலைப்பே 'என் கண்ணைப் பார்' என்பது. சிறுவயதில் பெரியவர்கள் அவரிடம் ஓயாமல் சொன்ன வாக்கியம் அது. கண்ணைப் பார்க்காததால் அவர் எதையோ மறைக்கிறார் என்று கருதினார்களாம். ஏறத்தாழ நாற்பது வயதில்தான் அவருக்கு உண்மைக் காரணம் தெரிந்தது.

எங்களை மிகவும் வருத்தியது லியான் ஹாலிடே வில்லி 1999-இல் எழுதிய நூல். எல்லாரையும் போல இருப்பதாக நடித்தே அவர் வளர்ந்தார். பிறர் பேச்சையும் அசைவையும் பார்த்துப் பார்த்துப் பின்பற்றினார். தம் மகளுக்கு ஆஸ்பெர்கர் என்று கண்டறிந்த பின்னரே தம்மையும் உணர்ந்தார். பெண்பிள்ளைகள் பலர் இவ்வாறு மறைத்துக்கொள்வதால், அவர்களது நிலை காலம் கடந்தே தெரியவருகிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் பிறந்த டிட்டோ முகோபாத்யாய் சரளமாகப் பேச இயலாதவர். தாய் சோமா எழுத்துப் பலகை கொண்டு அவருக்குக் கற்பித்தார். சிறுவனாக இருந்தபோதே அவர் எழுதிய நூல் 2000-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அந்தக் கற்பித்தல் முறையை ஏற்காத வல்லுநர்களும் உள்ளனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் யெஸ். பாலபாரதி பெற்றோருக்காக ஆட்டிசம் பற்றிய நூலும், 'துலக்கம்' என்னும் நாவலும் எழுதியுள்ளார். நமது நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று.

நாம் செய்யக்கூடியது

ஒருநாள் வேப்பமரத்தடிக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "முதல் நாளே கேலி என்று தெரியும். சிரித்தால் சீக்கிரம் விட்டுவிடுவீர்கள் என்றுதான் சிரித்தேன்" என்றாள். எங்களுக்குத் தலை நிமிரவில்லை. வில்லியின் நூலை வாசித்தபோது கண் கலங்கிய நாங்கள், அதே நடிப்பை எங்கள் வகுப்பிலேயே ஒருத்தியைச் செய்ய வைத்திருந்தோம்!

இப்போது மணி அடிப்பதற்கு முன் அருகில் இருப்பவள் அவளிடம் சொல்லிவிடுகிறாள். சொல்ல வேண்டியதைச் சுற்றிவளைக்காமல் நேராகச் சொல்கிறோம். அவளுக்குத் தனிமை வேண்டும்போது தனியே விடுகிறோம். வேண்டாதபோது இடம் விட்டு அமர்கிறோம். கங்கைகொண்ட சோழபுரம் போக நாங்கள் திட்டமிட்டபோது பேருந்து நேரத்தை அவளிடமே கேட்டோம். போகவும் வரவும் நேரம் சொன்னாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

தோழியரே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருக்கக்கூடும். அவள் கதையை நூலாக எழுதும் நாள் வரை காத்திராமல், இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள்.