கோப்பையில் வராத வியாதி



சில மாதங்களுக்கு முன் ஒரு லயத்து வீட்டுக்குப் போயிருந்தோம். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று எழுதமாட்டோம். யாரும் கேட்கவும் வேண்டாம். கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த மகன் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தான். இரத்தம் சோதித்ததில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அவன் அதைத் தாயிடம் மட்டுமே சொல்லியிருந்தான். தாய் எங்களை வரச் சொன்னதும், நாங்கள் இதை இங்கே எழுதுவதும் அவன் சம்மதத்தோடுதான்.

அந்த அம்மா முதலில் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. "ஐயா, அவனுக்கு கோப்பைய தனியா வைக்கணுமா? வீட்டுல பேரப்புள்ளைங்க இருக்குதுங்க" என்றுதான் கேட்டார்.

தேவையே இல்லை அம்மா, கோப்பையில் இது வராது என்று சொன்னோம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளையே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினான். உண்மையை மறைக்காமல் எழுதுகிறோம், எங்கள் கை ஒரு நொடி நின்றுவிட்டது. எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து, அதே பாடத்தை உங்களுக்கும் திருப்பிச் சொன்னவர்கள் நாங்கள். ஆனாலும் நின்றது. பிறகு வாங்கிக் குடித்தோம். ஆனால் அந்த ஒரு நொடியை அவன் கவனித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தும் அது மனதை அரித்தது. அந்தத் தயக்கம் படித்த பாடத்திலிருந்து வந்ததல்ல. சிறு வயதில் பார்த்த மண்டையோட்டுப் படங்களிலிருந்து வந்தது. லயத்துக்கு ஒரு டிவி, அதுவும் கார் பெட்டரியில் ஓடிய காலம் அது. எயிட்ஸ் என்றால் சாவு, தொட்டால் சாவு, அப்படித்தான் மனதில் பதிந்தது. இந்தப் பயத்துக்குத் தாய்வீடு எது என்று பார்த்தால் அமெரிக்காவும் இங்கிலாந்தும்தான். அங்கேயும் டிவிதான் பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. பிறகு அதே டிவி கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியேயும் அனுப்பியது. அந்தக் கதையைத்தான் இந்த முறை எழுதுகிறோம்.

பெயர் இல்லாத வியாதி

1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி அமெரிக்க சுகாதாரத் திணைக்களத்தின் வாராந்த அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து வாலிபர்களுக்கு, நல்ல உடம்புள்ளவர்களுக்கு வராத ஒரு வகை நிமோனியா வந்திருந்தது. குறிப்பு வெளிவரும்போதே இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஐந்து பேரும் ஆண்களைத் துணையாகக் கொண்ட ஆண்கள். அதனால் 'இது அவங்க வியாதி' என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பத்திரிகைகளும் டிவியும் நெடுநாள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எயிட்ஸ் என்ற பெயர் வந்தது 1982இல். கிருமியைப் பாரிஸ் நகரத்து பாஸ்டர் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தது 1983இல். இரத்தத்தைச் சோதிக்கும் முறை 1985இல்தான் வந்தது. இடையில் போன வருஷங்களில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், தாயிடமிருந்து குழந்தைகளுக்கும், ஊசி பகிர்ந்தவர்களுக்கும் அது பரவியிருந்தது. கிருமி யார் எவர் என்று பார்க்கவில்லை. பார்த்தது ஊர்தான்.

1985இல் ஹொலிவூட் நடிகர் ராக் ஹட்சனுக்கு எயிட்ஸ் என்று செய்தி வந்தது. சினிமாவில் எத்தனையோ கதாநாயகிகளோடு காதலனாக நடித்தவர். அந்த ஒக்டோபர் மாதமே இறந்தார். தெரிந்த முகத்துக்கு வந்ததும் டிவி விழித்துக்கொண்டது. அமெரிக்க ஜனாதிபதி ரீகன் இந்த வியாதியைப் பற்றியே ஒரு பெரிய பேச்சுப் பேசியது 1987 மே மாதம். அதற்குள் அந்த நாட்டில் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டிருந்தார்கள். ஆறு வருஷம் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

1985 நவம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. டிவி 'அன் ஏர்லி ஃப்ரொஸ்ட்' என்ற படத்தைக் காட்டியது. முன்கூட்டியே விழுந்த பனி என்று அர்த்தம் சொல்லலாம். பனி விழுந்தால் கொழுந்து கருகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஒரு வாலிப லோயர் தாய் தகப்பனிடம் வந்து இரண்டு விஷயத்தை ஒன்றாகச் சொல்கிறான்: தனக்குத் துணை ஓர் ஆண், தனக்கு எயிட்ஸ். தகப்பன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியான சகோதரி கிட்டேயே வருவதில்லை. அம்புலன்ஸ்காரர்கள் அவனை ஏற்ற மறுக்கிறார்கள். பாட்டி மட்டும் எப்போதும் போல் கட்டி அணைத்து முத்தம் கொடுக்கிறாள். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கிழவி இருந்துவிட்டால் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களுக்கு பாதி வேலை மிச்சம். இந்தப் படத்தோடு பெயர் சேர்க்க விளம்பரக் கொம்பனிகள் தயங்கின. ஆனாலும் கோடிக்கணக்கான சனம் அன்றிரவு அதைப் பார்த்தது.

ஒரே பிள்ளை, இரண்டு ஊர்

இனி வருவது படமல்ல, உண்மையாக நடந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரயன் வைட் என்று ஒரு பையன். பிறந்ததிலிருந்து இரத்தம் உறையாத வியாதி. அதற்காக மற்றவர்களின் இரத்தத்திலிருந்து செய்த மருந்தை ஊசியாகப் போட்டு வந்தார்கள். அந்த மருந்தின் வழியாகக் கிருமி ஏறியது. 1984 டிசம்பரில் தெரிய வந்தபோது அவனுக்கு வயது 13. ஆறு மாதம்தான் என்று டொக்டர்மார் சொன்னார்கள்.

அவன் கேட்டது பள்ளிக்கூடம் போக விட வேண்டும் என்பது மட்டும்தான். 1985இல் அவன் ஊர்ப் பள்ளிக்கூடம் சேர்க்க மறுத்தது. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பெற்றோர் கையெழுத்து வைத்தார்கள். இப்படிப் பழகுவதால் ஒட்டாது என்று மருத்துவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. கோடு கச்சேரி ஏறி 1986இல் உள்ளே போனான். அங்கே அவனுக்குத் தனிக் கழிவறை. சாப்பிடத் தூக்கி எறியும் தட்டும் கரண்டியும். கோயிலில் கூட பக்கத்தில் இருந்தவர்கள் கை கொடுக்கவில்லை. கடைசியில் அவர்கள் வீட்டு யன்னலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது.

1987இல் குடும்பம் அதே மாநிலத்தில் சிசெரோ என்ற வேறு ஊருக்குக் குடிபோனது. அங்கே பள்ளிக்கூடம் அவன் வரும் முன்பே வேலையைத் தொடங்கியிருந்தது. மருத்துவர்களைக் கூப்பிட்டு, எப்படிப் பரவும் எப்படிப் பரவாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வீட்டில் போய் பெற்றோருக்குச் சொன்னார்கள். முதல் நாள் அவன் உள்ளே வந்தபோது கை குலுக்கி வரவேற்றார்கள். கிருமியும் அதே கிருமி, பையனும் அதே பையன். முந்தின ஊருக்கும் இந்த ஊருக்கும் இடையே முன்கூட்டிப் பேசி விளங்கப்படுத்தியது ஒன்றுதான் வித்தியாசம். இதை எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் ஏன் போடவில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது.

1989இல் அவன் கதையை டிவிப் படமாக எடுத்தார்கள். அதில் அவனே ஒரு சின்ன வேஷத்தில் வந்தான். ஆறு மாதம் என்று சொல்லப்பட்ட பிள்ளை ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்து, 1990 ஏப்ரலில் 18 வயதில் கண் மூடினான். அதே வருஷம் அமெரிக்க அரசாங்கம் எயிட்ஸ் நோயாளருக்கு உதவும் சட்டமொன்றை அவன் பெயரில் கொண்டுவந்தது.

நம் நாட்டிலும் இதைப் போல ஒன்று நடந்தது. குழந்தை வைத்தியர் கமலிகா அபேரத்ன வாகன விபத்தில் அடிபட்டபோது ஏற்றிய இரத்தத்தால் எச்.ஐ.வி. வந்தது. அவர் ஒளிந்து கொள்ளவில்லை, வெளியே வந்து பேசினார். 2004இல் இறந்தார்.

கல்லறையும் கையும்

இங்கிலாந்தில் 1987 தொடக்கத்தில் அரசாங்கம் வீட்டுக்கு வீடு துண்டுப்பிரசுரம் அனுப்பியது. சுமார் 2 கோடி 30 இலட்சம் வீடுகள். டிவியில் ஒரு விளம்பரம். எரிமலை வெடிக்கிறது, பாறையை உளி செதுக்குகிறது, எயிட்ஸ் என்ற எழுத்தோடு கல்லறைக் கல் எழும்புகிறது, அதன் மேல் பூ விழுகிறது. அறியாமையால் செத்துப் போகாதீர்கள் என்பது அதன் செய்தி. அதே வருஷம் அவுஸ்திரேலியாவில் இன்னும் பயங்கரம். எமனைப் போல் முகத்தை மூடிய எலும்புக்கூடு ஒன்று பந்தை உருட்டிவிட, விளையாட்டுக் கட்டைகள் போல் வரிசையில் நிற்கும் தாய்மாரும் பிள்ளைகளும் சரிந்து விழுவார்கள்.

பலன் இல்லை என்று சொல்லமாட்டோம். பேசாமல் இருந்த நாடுகள் பேசத் தொடங்கின. ஆணுறை என்ற சொல் டிவியில் வந்தது. ஆனால் கல்லறையைப் பார்த்த சனத்துக்குப் பயந்துகொள்ளத் தெரிந்ததே தவிர, பக்கத்து வீட்டு நோயாளியிடம் எப்படி நடப்பது என்று தெரியவில்லை. எமனைக் காட்டினால், பார்ப்பவன் நோயாளியையே எமனாக நினைக்கிறான். எங்கள் டிஸ்பென்சரிச் சுவரில் இருந்த மண்டையோடும் செய்தது அதைத்தான்.

அதே 1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் எயிட்ஸ் நோயாளருக்கான தனி வார்ட்டை இளவரசி டயானா திறந்துவைத்தார். கையுறை போடாமல் ஒரு நோயாளிக்குக் கை கொடுத்தார். அதை உலகமே டிவியில் பார்த்தது. கோடிக் காசு விளம்பரம் செய்யாததை அந்த வெறுங்கை செய்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நோயாளி தன் முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாகத்தான் படம் எடுக்க விட்டார். இளவரசி தொட்ட ஆளுக்கும் ஊருக்கு முகம் காட்டப் பயம்.

நம்ம வீட்டுப் பெண்கள் விடாமல் நாடகம் பார்ப்பது போல, இங்கிலாந்தில் 'ஈஸ்ட் எண்டர்ஸ்' என்ற தொடர் 1985 முதல் ஓடுகிறது. லண்டன் ஏழைச் சனங்களின் கதை. அதில் மரக்கறிக் கடை போட்ட மார்க் என்ற பிள்ளைக்கு எச்.ஐ.வி. என்று 1991இல் காட்டினார்கள். பெண்ணை விரும்பிய ஆண்தான். அவனை உடனே சாகடித்துவிடவில்லை. 2003 வரை அவன் கதையில் இருந்தான். கடை போட்டான், சண்டை போட்டான், மாத்திரை குடித்தான். கிருமியோடு ஒரு மனிதன் வேலைக்குப் போய் வருவதைச் சனம் வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகியது.

கடைசியாக 2021இல் வந்த 'இட்ஸ் எ சின்' தொடரைச் சொல்ல வேண்டும். ரஸ்ஸல் டி டேவிஸ் தன் வாலிப காலத்தை நினைத்து எழுதியது. 1981 முதல் 1991 வரை லண்டனில் ஒன்றாக வாழ்ந்த சில நண்பர்களின் கதை. அதில் ஜில் என்று ஒரு நல்ல மனசுக்காரி. நோயில் விழுந்த நண்பனுக்கு யாருக்கும் தெரியாமல் சாமான் வாங்கிக் கொடுப்பவள் அவள்தான். ஆனால் அவன் அவள் வீட்டுக் கோப்பையில் குடித்துவிட்டுப் போனதும், தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். மனம் ஆறவில்லை. கடைசியில் அதை உடைத்துப் போடுகிறாள். அவனிடம் அன்பில்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் அவளுக்குச் சரியாகச் சொல்ல ஆள் இல்லை.

அந்தக் காட்சியைப் பற்றி அறிந்தபோது அந்த லயத்து வீட்டில் நின்ற எங்கள் கைதான் ஞாபகம் வந்தது. ஜில்லுக்கு அன்று சொல்ல ஆள் இல்லை. நமக்கு இருக்கிறது. தனிக் கோப்பை என்றால் என்ன என்றும் நமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. சாதி பார்த்துச் சிரட்டையில் தண்ணி ஊற்றிய கதைகளைப் பாட்டன் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அந்த அம்மாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம். இந்தக் கிருமி இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில் இருக்கிறது. பாதுகாப்பில்லாத உடலுறவாலும், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுவதாலும், கிருமியுள்ள இரத்தம் ஏறுவதாலும், மருந்து எடுக்காத தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். எச்சில், வியர்வை, கோப்பை, பீலித் தண்ணி, கக்கூஸ், நுளம்பு, கட்டிப் பிடித்தல் எதனாலும் வராது. 1987இல் ஒரு மருந்துதான் இருந்தது, அதுவும் போதவில்லை. 1996 முதல் பல மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கிருமியை அடியோடு ஒழிக்கும் மருந்து இல்லை. ஆனால் நாள் தவறாமல் மாத்திரை குடித்தால் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். அப்படி அடங்கியே இருந்தால் உடலுறவாலும் மற்றவருக்குப் பரவாது. கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை இலங்கை தடுத்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றிதழ் கொடுத்தது. கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தத்தைச் சோதிப்பது அதற்காகத்தான், சந்தேகத்தில் இல்லை. அதனால் மிட்வைஃப் கூப்பிடும்போது மறைந்து நிற்காதீங்க.

மாவட்டப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய்க் கிளினிக் உண்டு. சோதனையும் மருந்தும் இலவசம். பெயர் வெளியே போகாது. தனியே போகக் கூச்சமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம். பஸ்ஸில் யாராவது கேட்டால் சீனி வருத்தத்துக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம், அந்தப் பொய்க்கு நாங்கள் பொறுப்பு.

போன மாதம் அந்த வீட்டுக்குத் திரும்பப் போனோம். பையன் கொஞ்சம் தேறியிருந்தான். கோப்பைகள் எல்லாம் ஒரே தட்டில் கவிழ்த்துக் கிடந்தன. "தேத்தண்ணி குடிக்கிறீங்களா சேர்?" என்று கேட்டான். இரண்டு கோப்பை குடித்தோம்.