இன்பாக்ஸுக்கு ஒரு இன்ஷூரன்ஸ்

‘உங்க ஆபீஸ் மெயிலெல்லாம் எங்கே சார் இருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் கட்டைவிரலை ஆகாயத்துக்கு உயர்த்துவார்கள். பத்தாவது ஆசாமி டீ குடிக்கப் போயிருப்பார்.

ஆகாயத்தில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ‘பாப்’ என்ற முறையில் மெயில் பார்க்கிறவர்களுக்கு, தண்டர்பேர்ட் மாதிரியான புரோகிராம் சர்வருக்குப் போய்த் தபாலை அள்ளி வந்து ஹார்ட் டிஸ்க்கில் கொட்டிவிடும். சர்வரில் இருப்பது, செட்டிங்கைப் பொறுத்து, உடனேயோ சில நாள் கழித்தோ காலி. அப்புறம் அந்த மெயிலுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே வீடு, உங்கள் மேஜைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் பெட்டிதான்.

‘ஐமேப்’ ஆசாமிகள் சிரிக்க வேண்டாம். அது கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கண்ணாடியில் தெரிவதை இரண்டாவது ஆள் என்று நம்பலாமா? தவிர, சர்வரில் இடமில்லை என்று ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பக்கம் தள்ளிய பழைய மெயில்கள் ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருக்கும்.

அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் என் நண்பர் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். ஒரு கஸ்டமர், “அந்த ரேட்டுக்கு நாங்க ஒத்துக்கவே இல்லையே சார்” என்று கூலாகச் சொன்னார். ஒத்துக்கொண்ட மெயில் இருந்தது, முந்தின வாரம் உயிரை விட்ட ஹார்ட் டிஸ்க்கில். வித்தியாசம் இரண்டு லட்சத்துச் சொச்சம். முதலாளி கஸ்டமரைத் திட்டவில்லை. நண்பரைத்தான் பார்த்தார்.

கம்பெனிகள் சட்டம், 2013, கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறது. இன்வாய்ஸே மெயிலில் வருகிற காலம் இது. ஹார்ட் டிஸ்க்குக்குச் சட்டம் தெரியாது.

இனி வைத்தியம். தண்டர்பேர்டில் மெயில், விலாசங்கள், செட்டிங் எல்லாம் ‘புரொஃபைல்’ என்ற ஒரே ஃபோல்டரில் குடித்தனம் நடத்துகின்றன. விண்டோஸ் அதை ஒளித்து வைத்திருக்கும். தேடி அலையாதீர்கள். ‘ஹெல்ப்’ மெனுவில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ போய், புரொஃபைல் ஃபோல்டருக்கு எதிரே ‘ஓபன் ஃபோல்டர்’ பட்டனைத் தட்டினால் கதவு திறந்துவிடும். இப்போது தண்டர்பேர்டை மூடுங்கள். இது ரொம்ப முக்கியம். ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் எண்ணினால் கணக்கு தப்பும். பிறகு அந்த ஃபோல்டரை முழுசாக வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். வேலை முடிந்தது.

உள்ளே ‘இன்பாக்ஸ்’ என்று வாலில்லாத ஒரு ஃபைல் இருக்கும். வழக்கமான அமைப்பில் அத்தனை கடிதமும் அந்த ஒன்றுக்குள்தான், ஒன்றன் பின் ஒன்றாக. பக்கத்தில் ‘எம்.எஸ்.எஃப்’ என்று முடிவது வெறும் அட்டவணை. தொலைந்தாலும் தண்டர்பேர்டே புதிதாகப் போட்டுக்கொள்ளும். ஜாக்கிரதை: நீங்கள் சேமித்த பாஸ்வேர்டுகளும் இதே ஃபோல்டரில்தான். எனவே காப்பி எடுத்த டிஸ்க், பீரோ சாவிக்குச் சமம்.

எத்தனை காப்பி? காமர்ஸ் படித்த நமக்கு இது புதிதல்ல. ஒரிஜினல், டூப்ளிகேட், டிரிப்ளிகேட். மூன்றில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள ஆபீஸ்களில் கம்ப்யூட்டரோடு பீரோவும் சேர்ந்துதான் முழுகியது. காப்பி முடிந்ததும் ஒயரைக் கழற்றிவிடவும் வேண்டும். 2017 மே மாதம் உலகத்தை ஆட்டிவைத்த ‘வான்னாக்ரை’, கம்ப்யூட்டரில் செருகியிருந்த டிஸ்க்குகளையும் சேர்த்துத்தான் பூட்டியது.

கடைசியாக, எல்லோரும் விட்டுவிடும் ஒரு வேலை. காப்பி வேலை செய்கிறதா என்று பார்ப்பது. அந்தக் காப்பிக்கு இன்னொரு காப்பி எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் போட்டு, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, புதுப் புரொஃபைல் உருவாக்கும்போது இந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பழைய மெயில் நாலைந்து திறந்து படிக்க முடிந்தால் பாஸ். திறந்து பார்க்காத பேக்கப்பும் ஆடிட் பண்ணாத பாலன்ஸ் ஷீட்டும் ஒன்றுதான். பார்க்க அழகாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எப்படியும் கடிகாரத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள்? காப்பி ஓடுகிற பச்சைக் கோட்டைப் பாருங்கள். திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டால் தைரியமாக உள்ளே போகலாம்.