மட்காட் கழற்றிய ஃபோர்டு
ஹாட் ராட் கார்களின் தாய் என்ஜின்: ஃபோர்டு வி8, 1932

எட்டு சிலிண்டர் என்ஜினைச் சாமானியரும் வாங்கும் விலைக்கு ஃபோர்டு நிறுவனம் 1932இல் கொண்டுவந்தது. கொள்ளளவு 3.6 லிட்டர், 65 குதிரைத் திறன். இரு வரிசைச் சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக ஊற்றியதால் விலை குறைந்தது.

இந்தக் கார்கள் பழசாகிக் கைமாறியதும் கலிபோர்னியா இளைஞர்கள் வேகத்துக்காக அவற்றைப் பிரித்து மாற்றினார்கள்; அப்படி உருவானவையே ஹாட் ராட். எடை குறைய மட்காட்டும் மிதிபலகையும் கழன்றன. கூடுதல் கார்புரேட்டர்கள் ஏறின. வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி நேரம் குறித்தார்கள். அந்தப் பந்தயங்களை முறைப்படுத்த 1937இல் ஒரு சங்கமே உருவானது.

அருகில் பாருங்கள்
வால்வுகள் மேல்மூடியில் இல்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள் இருக்கின்றன. எரிந்த புகையும் பிளாக்கின் ஊடாகவே வெளியேறுவதால் குளிர்விக்கும் நீர் சீக்கிரம் கொதித்துவிடும்.

மலாயாவில் ஃபோர்டு
ஃபோர்டு மலாயா நிறுவனம் 1926இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் ஃபோர்டின் முதல் கார் பொருத்தும் ஆலையை 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் திறந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது அங்கேதான். இன்று அது அருங்காட்சியகம்.

பாதுகாப்பு
ஹாட் ராட் காரைப் பழைய முறையில் கட்டுவோர் அக்காலத்து உதிரிப்பாகங்களையே தேடிப் பொருத்துவார்கள். பெக்கான் நானாஸ் போன்ற ஈரக்காற்று வட்டாரத்தில் முதல் எதிரி துரு. கதவின் அடித்தகட்டையும் தரைத்தகட்டையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

தயவுசெய்து தொடாதீர்கள், விரல் வியர்வையும் இரும்பை அரிக்கும்.