அலை வந்தால் ஆபீஸுக்கு டாட்டா!

மத்தியானம் மூணு மணிக்கு மேனேஜர் முன்னால் போய் நின்று, "சார், கடல்ல அலை பிரமாதமா இருக்காம்... ரெண்டு மணி நேரம் ஆடிட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் பாருங்களேன். (சொல்வதற்கு முன்னால் வேறு இரண்டு கம்பெனிகளுக்கு அப்ளிகேஷன் போட்டு வைப்பது நலம்!)

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் வெஞ்சுரா என்ற கடலோர ஊரில் ஒரு கம்பெனி இருக்கிறது. பெயர் படகோனியா. மலையேறுகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் அலைமேல் பலகை விட்டு விளையாடுகிறவர்களும் போடுகிற ஜாக்கெட், பேன்ட் தயாரிக்கிறார்கள். அலை நன்றாக இருந்தால் அங்கே ஆபீஸை விட்டு எழுந்து போகலாம். வேலை முடிந்தால் சரி. முதலாளியே பல வருஷம் ஊழியர்களுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கியவர்!

அந்த முதலாளி ஈவோன் ஷுனார்ட். தன் கதையையும் கம்பெனியின் கதையையும் 2005-ல் புத்தகமாக எழுதினார். பஸ்ஸில் பொழுது போகட்டும் என்றுதான் கையில் எடுத்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பே மறந்துபோகிற அளவுக்கு இருக்கிறது மனுஷனின் வாழ்க்கை.

ஷுனார்ட் பிறந்தது 1938-ல். அப்பா பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் என்று எல்லா வேலையும் பார்க்கும் முரட்டு ஆசாமி. பல் டாக்டர் கேட்ட காசு அதிகம் என்று, ஒரு பாட்டில் விஸ்கியோடு அடுப்படியில் உட்கார்ந்து, கட்டிங் பிளேயரால் தன் பற்களைத் தானே பிடுங்கிக்கொண்டாராம்! மகனுக்கு நினைவு தெரிந்து பார்த்த முதல் காட்சிகளில் அது ஒன்று. வீட்டில் பேசியது பிரெஞ்சு. 1946-ல் குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது பையனுக்கு இங்கிலீஷ் தெரியாது. போதாததற்கு, பொம்பளைப் பிள்ளை பேர் என்று ஸ்கூலில் கிண்டல் வேறு. ஏரியில் தூண்டிலும் கையுமாகத் தனியே திரிய ஆரம்பித்தான். அப்புறம் ராஜாளி வளர்க்கும் பிள்ளைகளோடு சேர்ந்தான். ராஜாளிக் கூடு எங்கே இருக்கும்? செங்குத்துப் பாறையில். அங்கே இறங்கக் கயிறு பிடித்தவன்தான். அப்புறம் கயிற்றை விடவேயில்லை.

1957-ல் காயலான் கடையிலிருந்து ஒரு உலையும் பட்டடைக் கல்லும் வாங்கிப் போட்டு, தானே கொல்லு வேலை கற்றுக்கொண்டார். பாறை இடுக்கில் அடிக்கும் ஆணியை மெல்லிரும்பில் செய்து ஐரோப்பாவிலிருந்து அனுப்புவார்கள். ஒருமுறை அடித்தால் அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். இவர் கெட்டியான எஃகில் செய்தார். பிடுங்கி மறுபடி அடிக்கலாம். மணிக்கு இரண்டு ஆணி. ஒன்று ஒன்றரை டாலர். கார் டிக்கியில் வைத்து விற்றார். வருமானம்? ஒரு சீஸனில் நசுங்கிய டப்பாவில் வந்த பூனைத் தீனியை மொத்தமாக வாங்கித் தின்றிருக்கிறார். அணில், முள்ளம்பன்றியும் உண்டு. (நம் மெஸ் சாப்பாட்டை இனிமேல் திட்டக் கூடாது!)

அப்புறம் காதல். மலிண்டா என்ற பெண், யோசமிட்டி மலைப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். ஒருநாள் காரில் வந்த சில பெண்கள் பீர் டப்பாவை வெளியே எறிய, "எடுங்க அதை" என்றார் மலிண்டா. அவர்கள் ஆபாசமாக சைகை காட்டினார்கள். மலிண்டா பேசவில்லை. வெறும் கையால் காரின் நம்பர் பிளேட்டைப் பிடுங்கி, நேரே வனக்காவலர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்த நிமிஷமே மனசைப் பறிகொடுத்ததாக எழுதுகிறார் ஷுனார்ட். எனக்கென்னவோ கொஞ்சம் பயமாகத்தான் இருந்திருக்கும்!

ஊழியர்கள் கைக்குழந்தையோடு ஆபீஸுக்கு வருவதைப் பார்த்து, 1980-களிலேயே உள்ளே க்ரீச் தொடங்கக் காரணமாக இருந்தவர் இந்த அம்மாள்தான்.

கம்பெனிப் பெயருக்கும் கதை உண்டு. 1968-ல் நண்பர்கள் ஒரு வேனில் கலிஃபோர்னியாவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியா வரை போனார்கள். ஃபிட்ஸ்ராய் சிகரத்தில் புயல். பனிக் குகைக்குள் மொத்தம் 31 நாள் முடங்கிக் கிடந்தார்கள். ஷுனார்டுக்கு 30 வயசு நிறைந்தது அந்தக் குகைக்குள்தான். கூட இருந்தவர் டக் டாம்ப்கின்ஸ். 'நார்த் ஃபேஸ்' கம்பெனியைத் தொடங்கியவர்.

இனிமேல்தான் விஷயமே. அமெரிக்காவில் மலையேற்றச் சாமான் விற்பதில் ஷுனார்ட் முதலிடம் பிடித்த சமயம், தன் ஆணிகளே பாறையைப் பொத்தல் போட்டு நாசம் செய்வதைக் கண்டார். வியாபாரத்தின் முதுகெலும்பே அந்த ஆணி. கைவிட முடிவு செய்தார்! 1972 கேட்லாக்கில், சுத்தியல் இல்லாமல் கையால் செருகி எடுக்கும் அலுமினியத் துண்டுகளை விற்றார். 2011-ல் தன் கம்பெனி ஜாக்கெட் படத்தையே நியூயார்க் டைம்ஸில் போட்டு, 'இதை வாங்காதீர்கள்' என்று விளம்பரம் செய்தார்கள். ஜனங்கள் அதற்கப்புறம் இன்னும் அதிகமாக வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்!

ரொம்பவும் கொண்டாடிவிடவும் வேண்டாம். 1991-ல் வியாபாரம் படுத்தபோது 120 பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியவரும் இவரே. ஐந்தில் ஒருவர் காலி! அலையில் ஆடலாம் என்று சொன்ன அதே ஆபீஸ். அந்த 120 பேர் வீட்டில் அன்று ராத்திரி என்ன பேசியிருப்பார்கள்?

2015 டிசம்பரில் சிலி நாட்டு ஏரி ஒன்றில் நண்பர்கள் மறுபடி படகு விட்டார்கள். காற்றில் படகு கவிழ்ந்து, ஐஸ் தண்ணீரில் கிடந்து டாம்ப்கின்ஸ் இறந்துபோனார். அந்தப் பயணத்தில் ஷுனார்டும் இருந்தார். வயசு 77. டாம்ப்கின்ஸின் மனைவி கிரிஸ், ஒரு காலத்தில் படகோனியா கம்பெனியை நடத்தியவர். தம்பதி வாங்கிச் சேர்த்திருந்த சுமார் 10 லட்சம் ஏக்கர் காட்டை அவர் சிலி அரசாங்கத்துக்கே தேசியப் பூங்காவாகக் கொடுத்துவிட்டார்.

2022 செப்டம்பரில் ஷுனார்டின் முறை. சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனியைக் குடும்பமே கொடுத்துவிட்டது. 98 சதவீதப் பங்கு, இயற்கையைக் காக்கச் செலவிடும் ஒரு லாப நோக்கற்ற அமைப்புக்கு. ஓட்டுரிமை உள்ள மீதி 2 சதவீதம் ஒரு டிரஸ்ட்டுக்கு. அந்த டிரஸ்ட்டில் குடும்பத்தின் பிடி இருக்கிறதே, வரியும் மிச்சமாயிற்றே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முணுமுணுப்பில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பங்கை விற்றுப் பணமாக்கிப் பையில் போட்டுக்கொள்ள இனி ஒருவராலும் முடியாது. செல்போன்கூட வைத்துக்கொள்ளாமல் ஓட்டைக் காரில் போகும் மனுஷனுக்கு, பத்திரிகையில் கோடீஸ்வரர் பட்டியலில் தன் பெயரைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்ததாம்.

இதை என் பக்கத்து சீட் நண்பரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளைங்க சும்மாவா விட்டாங்க?"

மகன் ஃப்ளெட்சர் அலைச்சறுக்குப் பலகை செய்கிறவர். மகள் க்ளேர் டிசைனர். இரண்டு பேருமே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். எங்களுக்கு வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டதாகத்தான் செய்தி, என்றேன்.

நண்பர் கொஞ்ச நேரம் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்ல அரை கிரவுண்டுக்கு அண்ணன் தம்பி மூணு பேரும் ஆறு வருஷமா கோர்ட்டுக்கு அலையறோம்யா" என்றார்.