நாவில் நீர் வற்றுவது ஏன்?

சித்திரை வெயிலில் மதுரை மாசி வீதிகளைச் சுற்றி வந்தவருக்கு நா வறள்வது இயல்பு. ஒரு சொம்பு மோர் குடித்தால் சரியாகிவிடும். ஆனால், மார்கழிப் பனியிலும் வாய் காய்ந்தே இருக்கிறது. தண்ணீர் குடிக்காமல் இட்லி தொண்டையில் இறங்கவில்லை. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் வெயிலைக் குறை கூறிப் பயனில்லை. சுரப்பிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

புளியங்காயை நினைத்த மாத்திரத்தில் வாயில் நீர் ஊறுகிறதல்லவா? மூளையின் செய்தி நரம்பு வழியே வந்து, அதன் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை வெளிவிடுகிறது. அது சுரப்பி அணுக்களைத் தூண்ட, உமிழ்நீர் பெருகுகிறது. மூன்று இணைப் பெரிய சுரப்பிகளும், உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றின் உட்புறத்தில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் இவ்வேலையைச் செய்கின்றன.

காவலரே பகைவரானால்...

1933-இல் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன், கண் வறண்டு துன்புற்ற 19 பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். அவர்களுள் 13 பேருக்கு மூட்டழற்சியும் இருந்தது. இந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

நம் இரத்தத்தில் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் உள்ளன. அவற்றுள் டி அணுக்கள் பகையைக் கண்டு மற்ற அணுக்களை ஏவுகின்றன. பி அணுக்கள் எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றன. தன்னுடையது எது, அந்நியம் எது என்று இவை பிரித்தறிய வேண்டும். ஷோக்ரன் நோயில் இந்த அறிவு பிறழ்கிறது. முதலில் டி அணுக்கள் சுரப்பியின் நாளங்களைச் சுற்றிக் கூடுகின்றன. நோய் முற்ற முற்ற பி அணுக்கள் மிகுகின்றன. நம் அணுக்களிலேயே இயல்பாக உள்ள ரோ, லா என்னும் புரதங்களுக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் தோன்றுகிறது.

இதே பிறழ்ச்சி மூட்டுகளைத் தாக்கினால் அது முடக்குவாதம். மதுரையில் 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி இளமையிலேயே அந்நோய்க்கு ஆளானவர். விரல்கள் கோணிய கைகளாலேயே அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். முடக்குவாதம் உள்ளவர் சிலருக்கு ஷோக்ரன் நோயும் சேர்ந்து வருவதுண்டு.

அளந்து அறிதல்

நோயை எப்படி உறுதி செய்வது? எதையும் தூண்டாமல் 15 நிமிடம் உமிழ்நீரைச் சேகரிக்கின்றனர். நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர், அதாவது மொத்தம் 1.5 மில்லிலிட்டர், அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் ஐயம் எழுகிறது. தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! பிறகு கீழ் உதட்டின் உட்புறத்திலிருந்து சிறு சுரப்பிகள் சிலவற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். 4 சதுர மில்லிமீட்டரில், அதாவது ஒரு கடுகு அமரும் இடத்தில், 50 லிம்போசைட்டுகளாவது திரண்ட கூட்டம் ஒன்று இருந்தால் அது முக்கியமான சான்று.

வியப்பு என்னவென்றால், பலருக்குச் சுரப்பியின் பெரும்பகுதி அழியாமலே இருக்கும். ஆனாலும் நீர் சுரக்காது. கூடிய அணுக்கள் வெளிவிடும் பொருள்கள் நரம்பின் செய்தியை மழுங்கச் செய்கின்றன என்று அறிவியலார் கருதுகின்றனர். அதனால்தான் அசிட்டைல்கோலின் போலவே செயல்படும் பைலோகார்பின் என்னும் மருந்து, எஞ்சிய சுரப்பியைத் தூண்டிப் பலருக்குப் பயன் தருகிறது.

தொல்லை வாயோடு நிற்பதில்லை. உமிழ்நீர் குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகின்றன. லிம்போசைட்டுகள் சிறுநீரகத்தில் புகுந்தால் உடலின் பொட்டாசியம் வெளியேறி, திடீரெனக் கைகால் செயலற்றுப் போகலாம். ரோ எதிர்ப்பொருள் உள்ள தாயின் கருவிலிருக்கும் குழந்தைக்குச் சில வேளைகளில் இதயத் துடிப்பு குறைகிறது. ஆண்டுக்கணக்கில் தூண்டப்படும் பி அணுக்கள் சிலருக்கு லிம்போமா என்னும் புற்றாக மாறுவதும் உண்டு.

இது எங்கோ மேல்நாட்டில் மட்டும் வரும் நோயன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2015-இல் கட்டுரை வெளியிட்டுள்ளனர்.

வாய் வறட்சி எல்லாம் ஷோக்ரன் நோயாகிவிடாது; நீரிழிவும் சில மாத்திரைகளும்கூட அதற்குக் காரணமாகலாம். ஆனால், மூட்டுவலிக்கு மருத்துவரிடம் போகும் நம் வீட்டுப் பெண்கள் வாய் காய்வதைச் சொல்லாமலே திரும்பிவிடுகின்றனர். அடுத்த முறை அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.